ஆடாமல் தோற்ற ஆட்டம்

போன மாதம் ஒரு நாள் காலையில், இப்போது நம் போட்டியை நடத்தும் உங்களில் ஒருவருக்கு என்னிடமிருந்து போன் வந்தது. மணி ஆறரைகூட ஆகியிருக்காது. திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்று மேட்ச் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்றரை மணிக்கு ஒன்று இருக்கிறது என்றார். அப்படியென்றால் முதலில் எதிரணிக்குப் போன் போடுங்கள், பல் விளக்குவதெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவள். நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் பெண்கள் கால்பந்துப் போட்டிக்குப் பல வருஷம் அமைப்பாளராகவும் இருந்தேன். இன்றைக்கு நீங்கள் பொறுப்புக்கு வரும்போதே அரையிறுதி, இறுதி என்று எல்லாம் ஒழுங்காக அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அப்போது இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. சாம்பியனை ஒரு அறைக்குள் உட்கார்ந்து மூன்று பேர் பேசித் தீர்மானித்தோம். சிரிக்காதீர்கள். அதற்கும் காரணம் இருந்தது.

ஒன்பது கல்லூரிகள். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதென்றால் முப்பத்தாறு ஆட்டம். இருக்கிற மைதானங்களில் பாதியில் கோல் கம்பம் சாய்ந்து கிடக்கும். பஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும், நடுவர் கிடைக்க வேண்டும், நடுவே செமஸ்டர் பரீட்சை வேறு. அதனால் ஆளுக்கு நான்கு ஆட்டம் என்று வைத்துக்கொண்டோம். அப்படி வைத்தால் என்ன ஆகும்? ஒருவரோடொருவர் ஆடாமலேயே இரண்டு அணிகள் நாங்கள்தான் முதல் என்று வந்து நிற்கும். யார் எத்தனை பேரை ஜெயித்தார்கள் என்பதோடு, யாரை ஜெயித்தார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் அந்த மூன்று பேர் குழு. அமெரிக்காவிலும் கல்லூரிக் கால்பந்துக்கு இதே பாடுதான் என்று எங்கள் பிள்ளை ஒருத்தி ஒருநாள் போனில் காட்டினாள். அங்கே பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்கும் பெயர் கால்பந்துதான். கல்லூரிகள் ஏராளம், எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது, அதனால் காலங்காலமாக ஓட்டுப் போட்டும் குழு போட்டும்தான் சாம்பியன் யாரென்று சொல்லிவந்தார்களாம். ஒவ்வொரு வருஷமும் சண்டையாம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

எங்கள் குழுவில் என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவர் மூத்தவர். நேரம் தவறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு ஒழுங்கு சார் என்றே பெயர் வைத்திருந்தோம். இன்னொருவர் ஒரு காலத்தில் நல்ல கோல்கீப்பராக இருந்தவர். அவரை இங்கே கோல்கீப்பர் மேடம் என்று சொல்கிறேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குழுவில் இருப்பவரின் சொந்தக் கல்லூரி பற்றிப் பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, இல்லை, நிறையவே பெருமை.

அந்த வருஷம் திருச்சுழிக்கு அப்பால் இருந்து ஒரு சின்னக் கல்லூரி முதல் தடவையாக அணி அனுப்பியது. அங்கே உடற்கல்வி இயக்குநரே கிடையாது. வணிகவியல் எடுக்கும் ஒருவரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். அவருக்குக் கார்னர் எது, த்ரோ எது என்று தெரியாது. ஆகவே அணியின் தலைவி பாண்டிச்செல்விதான் எல்லாவற்றுக்கும் என்னிடம் பேசுவாள். நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு மைதானமும் கிடையாது. வற்றிக் கிடந்த கண்மாய்க்குள்ளே கருவேலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு அங்கேதான் ஆடிப் பழகினார்கள். முள் குத்தாமல் ஓடிப் பழகியதாலோ என்னவோ, பந்து காலை விட்டுப் போகாது.

பாண்டிச்செல்விக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நம் போட்டியில் சாம்பியன் ஆகும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். போனால் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுதலாம். இதை அவள் முதல் நாளே மறைக்காமல் என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் கல்லூரி அணியின் தலைவி ரேவதி. நெசவுக் குடும்பத்துப் பெண். அவளுக்கும் அதே சான்றிதழ்தான் வேண்டும். ஆனால் அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் மிச்சமிருந்தது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

சின்னக் கல்லூரிக்கு ஒரு நாள் எங்கள் ஊரில் மேட்ச். எதிரணி எல்லாரிடமும் தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணி. அன்று காலை ஆறு மணிக்குப் பாண்டிச்செல்வியிடமிருந்து போன்.

"மேடம், எங்க பக்கம் விடியக்காலம் நல்ல மழை. ஈரம் காயிறதுக்குள்ள விதை போட்டாகணும். எங்க டீமுல ஏழு பேரு காட்டுலதான் நிக்கிறோம். இன்னைக்கு வர ஏலாது. வேற நாளு போட முடியுமா?"

வெளியூர்க்காரர் யாராவது இதைக் கேட்டால் இதெல்லாம் ஒரு காரணமா என்பார். நம் சீமையில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மூன்று வருஷம் ஏமாற்றிய மழை அது. வானம் பார்த்த பூமியில் அந்த ஒரு நாள் ஈரத்தை விட்டால் அந்த வருஷமே போயிற்று. எங்கள் வீடு தறி வீடு, எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, இருந்தும் மழை என்று கேட்டதும் எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"போயி விதைங்கத்தா. வேற நாள் போட்டுக்குவோம். அந்த டீமுக்கு நான் சொல்லிர்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறந்துவிட்டேன். அன்று எங்கள் கல்லூரியைச் சோதித்துப் பார்க்கப் பார்வைக் குழு வந்தது. மாணவிகளை வரிசையில் நிறுத்து, கோப்புகளை எடுத்து வை, விளையாட்டு அறைக்கு ஒட்டடை அடி என்று காலையிலிருந்து என்னை ஓட ஓட விரட்டினார்கள். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்தபோதுதான், போட்டிக்கென்று இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் நடுவர் போட்டிருந்தது கண்ணில் பட்டது. எதிரணி மூன்றரை மணிக்கு வந்து நின்றிருக்கிறது. நடுவர் கால் மணி நேரம் காத்திருந்து விசில் ஊதிவிட்டார். சின்னக் கல்லூரி வரவில்லை, ஆடாமலே தோல்வி என்று எழுதிவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்த நிமிஷமே நான் இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். அவர்கள் என்னிடம் கேட்டார்கள், நான் சரி என்றேன், சொல்ல மறந்தது நான். அவ்வளவுதான். ஒன்பது கல்லூரி ஆட்களும் இருக்கிற குரூப்பில் அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. மற்றவர்கள் தாமதமாக வந்தால் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்கிறவள் நான். புது அணிதானே, மற்ற ஆட்டங்களிலும் தோற்கத்தானே போகிறார்கள், இந்த ஒன்றால் என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அந்த நினைப்புத்தான் எனக்கு அதிக வெட்கத்தைத் தருகிறது. மறதி எல்லாருக்கும் வரும்.

அவர்கள் தோற்கவில்லை. மீதி மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அதில் ஒன்று போன வருஷச் சாம்பியனோடு, இரண்டு கோல் வித்தியாசத்தில். அதே சாம்பியனோடு எங்கள் கல்லூரி ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்திருந்தது. நாங்கள் மூன்றில் வெற்றி, ஒன்றில் சமன். பத்துப் புள்ளி. அவர்கள் மூன்றில் வெற்றி, ஒன்றில் ஆடாமல் தோல்வி. ஒன்பது புள்ளி. எங்கள் இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை.

குழு எங்கள் கல்லூரியில்தான் கூடியது. மறுநாள் மாலைக்குள் சாம்பியன் பெயரை மாநிலப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். பட்டியலை மேஜை மேல் வைத்ததுமே, இது என் கல்லூரி சம்பந்தப்பட்டது, நீங்களே பேசுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் டீ வாங்கிக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்தால் என் அணிக்காகப் பேசிவிடுவேன், அது தப்பு, வெளியே வந்தது எவ்வளவு நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறையில் யாருக்கும் தெரியாத, அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய ஒரு விஷயமும் என்னோடு வெளியே வந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே எழுதினால் பொய்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கோல்கீப்பர் மேடம் வாழ்த்துக்கள் என்று கையை நீட்டினார். எங்கள் கல்லூரிதான் சாம்பியன். குரூப்பிலும் போட்டுவிட்டிருந்தார். அதற்குள் மைதானத்தில் ரேவதியும் மற்றவர்களும் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது.

கோல்கீப்பர் மேடத்தின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் சின்னக் கல்லூரிக்காகத்தான் வாதாடியிருக்கிறார். சாம்பியனை ஜெயித்தவர்கள், யாரும் அவர்களுக்கு எதிராகக் கோல் போட்டு ஜெயிக்கவில்லை, அவர்களை எப்படித் தள்ளுவது என்று கேட்டிருக்கிறார். ஒழுங்கு சார், மேட்சுக்கு வராத அணிக்குக் கோப்பையா என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறார். சரி, வராததற்குக் காரணம் இருக்கலாம், கேட்டுப் பார்ப்போம் என்று பாண்டிச்செல்விக்கே போன் போட்டிருக்கிறார்கள்.

"யாருகிட்டயாச்சும் முன்கூட்டியே சொன்னீங்களாம்மான்னு கேட்டேன்" என்றார் கோல்கீப்பர் மேடம். "'யாருகிட்டயும் சொல்லலை மேடம், வராதது எங்க தப்புதான்'னு சொல்லிருச்சு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

எனக்குக் கையில் இருந்த டீ கிளாசை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பக்கம் போய்ப் பாண்டிச்செல்விக்குப் போன் செய்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். காட்டில் களையெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"நீங்க மறந்துருப்பீங்கன்னு தெரியும் மேடம். எங்களால உங்களுக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்ல. அன்னைக்கு எங்க காலேஜுலயே வைய்யத்தான் செஞ்சாங்க. விதைக்கப் போங்கன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

என்னைக் காப்பாற்ற அவள் தன் சான்றிதழை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் என்னைக் காப்பாற்ற அவள் சான்றிதழை விட்டுக்கொடுத்திருக்கிறேன். அவளுக்கு இருபது வயது. நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது.

இரண்டு பேரையும் மறுபடி உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காலை ஆறு மணி போன், நான் சொன்ன பதில், பார்வைக் குழு, குரூப்பில் பார்த்தும் வாயைத் திறக்காதது, எல்லாம். ஒழுங்கு சார் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதைச் சொல்லிட்டு நீங்க வெளிய போயிருக்கலாமே மேடம்" என்றார். அதைவிடத் திட்டியே இருக்கலாம்.

பிறகு என்ன செய்வது என்று பார்த்தோம். விட்டுப்போன ஆட்டத்தை நடத்துவதுதான் முறை. ஆனால் அந்த எதிரணிக் கல்லூரியில் பரீட்சை தொடங்கிவிட்டது, பிள்ளைகளை விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாநில அமைப்பிடம் கெஞ்சி நான்கு நாள் தள்ளி வாங்கினோம். வெள்ளிக்கிழமை இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடட்டும், ஜெயிப்பவர் போகட்டும் என்று முடிவானது. நம் போட்டியின் முதல் இறுதி ஆட்டம் அப்படித்தான் வந்தது. உங்கள் அட்டவணையில் இன்றைக்கு அழகாக அச்சாகியிருக்கும் அந்த வரி என் மறதியில் பிறந்தது.

மைதானத்துக்குப் போய் எங்கள் பிள்ளைகளிடம் நானே சொன்னேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ரேவதி மட்டும் பேசினாள்.

"நீங்க எங்க மேடமா, அவுக மேடமா?"

அவள் கேட்டது நியாயம்தான். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் செய்ததற்கு அவள் கையில் வந்த கோப்பையைப் பிடுங்கி மறுபடி மேஜை மேல் வைத்துவிட்டேன். நான்கு நாளும் அவள் பயிற்சிக்கு வந்தாள், சொன்னதைச் செய்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாக வந்து சேர்ந்தார்கள். மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஊருக்கே சந்தோஷம், ஆனால் இவர்கள் ஆடும் இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. பத்து நாளாகப் பந்தைத் தொடவில்லை. களையெடுத்துப் பாதிப் பேருக்கு உள்ளங்கை கொப்பளித்திருந்தது. கோல்கீப்பர் பெண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டது நான்தான். அன்று நான் எந்தப் பக்கத்து பெஞ்சிலும் உட்காரவில்லை, நடுக்கோட்டுக்கு நேராக மைதானத்துக்கு வெளியே நின்றேன்.

நல்ல ஆட்டம். முதல் பாதி முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது. பாண்டிச்செல்வி அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் அவர்களுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது கார்னரில் இருந்து வந்த பந்தை ரேவதி தலையால் தட்டி உள்ளே போட்டாள். ஒன்றுக்குப் பூஜ்யம். எங்கள் கல்லூரிதான் மாநிலப் போட்டிக்குப் போனது.

பாண்டிச்செல்வி தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். ஒரு மாணவியிடம் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இப்பத்தான் மேடம் தோத்திருக்கோம். அன்னைக்குத் தோக்கலை. அதை மட்டும் அடிச்சிருங்க."

அங்கேயே பையிலிருந்து முடிவுகள் எழுதும் நோட்டை எடுத்தேன். ஆடாமல் தோல்வி என்றிருந்ததை அவள் பார்க்க அடித்துவிட்டு, ஆட்டம் நடக்கவில்லை, அமைப்பாளரின் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வரியைக் குரூப்பிலும் போட்டேன். மூன்று வாரம் முன்னால் போட்டிருக்க வேண்டியது.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று காலை நான் ஒரு போன் செய்திருந்தால், அந்த ஆட்டத்தை அவர்கள் வேறு நாளில் ஆடி அநேகமாக ஜெயித்திருப்பார்கள். பன்னிரண்டு புள்ளியோடு நேராகப் போயிருப்பார்கள். இறுதி ஆட்டமே தேவைப்பட்டிருக்காது. பாண்டிச்செல்வி சான்றிதழ் இல்லாமல் பொதுப் பிரிவில் தேர்வு எழுதினாள். முதல் தடவை கிடைக்கவில்லை. இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டே மறுபடி எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. அவளுக்காகச் சாமி கும்பிடுகிறேன். அது தவிர என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. ரேவதி என்னிடம் சரியாகப் பேச அடுத்த பொங்கல் வரை ஆயிற்று.

சொந்தக் கல்லூரி பற்றிப் பேச்சு வரும்போது வெளியே போகும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அது நல்ல வழக்கம்தான். அமெரிக்காக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம். ஆனால் எழுந்திருக்கும் முன், உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருந்தால் அதை மேஜை மேல் வைத்துவிட்டுப் போங்கள். அது உங்கள் அணிக்குப் பாதகமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தக் காலை ஆறரை மணி போனுக்கு வருகிறேன். அன்று ஆறு மணிக்கே எனக்கு ஒரு போன் வந்திருந்தது. பாண்டிச்செல்விதான். வருஷா வருஷம் முதல் மழைக்குக் கூப்பிடுவாள். குரலில் கேலி இருக்கும், எனக்கும் சிரிப்பு வரும். இந்தத் தடவையும் ஹலோ கூடச் சொல்லவில்லை.

"மேடம், எங்க பக்கம் மழை பெஞ்சிருச்சு. யாருக்காச்சும் மேட்ச் இருந்தா மறக்காம சொல்லிருங்க."